நாற்பத்தேழாவது வரிசை

கண்ணாடிக் காகிதம் சுற்றிய
முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
எங்கள் நாட்டுக்கு இருபது ஆண்டு மின்சாரம்
எங்கிருந்து வரும் என்று
எங்களுக்கே சொன்ன அறிக்கை.
எழுதியவர்கள் விமானம் ஏறிவிட்டார்கள்.
கணக்குப் போட்ட மென்பொருள் மட்டும்
லிலோங்வேயில், அமைச்சகத்தின் இரண்டாம் மாடியில்,
என் மேசைக் கணினியில் தங்கிவிட்டது.
திறந்தால்
உரிமம் முடிந்துவிட்டது என்றது.

அமைச்சர் கேட்டது சின்னக் கேள்விதான்.
இரண்டு வருடம் மழை பொய்த்தால்
ஷிரே ஆற்று அணைகள் என்ன தரும்?
கடல் தாண்டிக் கடிதம் போட்டோம்.
நாற்பது நாள் கழித்து வந்தது
விலைப்பட்டியல்.

அன்றுதான் டெம்வா,
பொரித்த மாண்டாசியின் எண்ணெயை
விரலில் துடைத்தபடி சொன்னாள்:
"நம்ம வீட்டு வரவு செலவை
அடுத்த வீட்டுக்காரன் நோட்டில் எழுதியிருக்கோம்.
அவன் கதவைப் பூட்டிட்டு ஊருக்குப் போயிட்டான்."

இலவசமாய்க் கிடைத்த ஒன்றை இறக்கினோம்.
இறங்க மூன்று இரவு.
(மின் திட்டப் பிரிவுக்கே மின்வெட்டா
என்ற நகைச்சுவையை
தயவுசெய்து எங்களிடம் சொல்ல வேண்டாம்.
கேட்டுக் கேட்டுப் புளித்துவிட்டது.)

பழைய கோப்பில், தேவை என்ற தாளில்,
நாற்பத்தேழாவது வரிசை: மற்றவை.
அந்த மற்றவைக்குள் கிடந்தன
விறகும் கரியும்.
அதாவது நாட்டின் அடுப்புகள்.
அதாவது
அறிக்கையை அச்சடித்தவர் வீட்டு அடுப்பும்.

எண்ணிவிடுவோம் என்று கிளம்பினோம்.
விடியுமுன் டெட்சா சாலை, கடுங்குளிர்.
ஆள் உயரக் கரிமூட்டை கட்டிய சைக்கிள்கள்
எங்கள் கையில் அட்டையும் பேனாவும் கண்டு
வனத்துறை என்று பயந்து
சோளக்கொல்லைக்குள் புகுந்தன.
ஒரு மணி நேரம்
எங்கள் புள்ளிவிவரப்படி
இந்த நாடு கரியே எரிக்கவில்லை.
சுஸ்கோ கழுத்துப்பட்டையை அவிழ்த்துப் பையில் திணித்தான்.
சாலையில் இறங்கி
ஒரு மூட்டைக்குப் பேரம் பேசினான்.
பிறகு ஒவ்வொன்றாய் வெளியே வந்தன
சக்கரங்கள்.

மழைக்காலத்துக்கு மட்டும் எண்ணிக்கை இல்லை.
வண்டிக்கு டீசல் பணம் தீர்ந்திருந்தது.
"ஐந்தில் மூன்று பங்கு என்று வை," என்றாள் டெம்வா.
வைத்தேன்.

ஆறாம் மாதம் அவளை எடுத்துக்கொண்டது
அதே நிறுவனம்.
நைரோபியில் அலுவலகம், நான்கு மடங்கு சம்பளம்.
வாழ்த்து அட்டையில் எல்லோரும் கையெழுத்துப் போட்டோம்.
நான் ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை.
பயிற்சிக்குப் போனவர்கள் ஐந்து பேர்.
நாற்காலியில் மிஞ்சியது நானும் சுஸ்கோவும்.
அதற்குப் பிறகு
ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும்
அது பிறந்த ஊர், தேதி, எண்ணியவர் பெயர்
எழுதத் தொடங்கினோம்.
நாளை நாங்களும் போகலாம்.
எண்கள் அநாதையாகக் கூடாது.

கடன் தருவோருடன் கூட்டம்.
மேசைக்கு அந்தப் பக்கம் டெம்வா,
புதுக் கண்ணாடி, கழுத்தில் நிறுவன அட்டை.
நேராக அங்கேதான் கை வைத்தாள்.
"நாற்பத்தேழாவது வரிசை,
மழைக்காலத்துக்கு எங்கிருந்து எடுத்தீர்கள்?"

எங்கள் வீட்டில் ஓட்டை எங்கே என்று
அவளுக்குத் தெரியாதா.
ஒழுகிய இடத்தில் அவளே வைத்த பாத்திரம்தானே அது.

"முன்பு ஊகம்," என்றேன்.
"இந்தப் பிப்ரவரியில் பதினொரு நாள்
சேற்றில் நின்று எண்ணினோம்.
நீங்கள் சொல்லிப் போனதைவிட அதிகம்."
"எவ்வளவு?"
திரையை அவள் பக்கம் திருப்பவில்லை.
வாசித்தேன்.
எழுதிக்கொண்டாள்.
அணை மூன்று வருடம் பின்னால் போனது,
அடுப்புகளுக்கென்று முதன்முறையாக
ஒரு பத்தி உள்ளே வந்தது.
அதையும் அவர்கள் வெட்டலாம். பார்ப்போம்.

தேநீர் இடைவேளையில்
குரலைத் தாழ்த்தி எங்கள் மொழியில் கேட்டாள்:
"சுஸ்கோ அந்தக் கரிமூட்டையை என்னடா செய்தான்?"

ஆய்வுக் கருவி என்று
அலுவலகச் செலவில் எழுதிவிட்டான்.
தணிக்கையில் இன்னும் நிற்கிறது.