எந்த ஒட்டகச் சிலந்தி

துக்ம் துறைமுகத்துக்குப் பின்னால்
ஏழாம் நம்பர் கேம்ப்பில் மருந்தடிப்பவன் நான்.
புகார்ப் படிவத்தில்
பூச்சியின் பெயருக்கு ஒரே ஒரு கட்டம்.

பதினான்காம் அறையில் எழுதியிருந்தார்கள்:
ஒட்டகச் சிலந்தி.
போய்ப் பார்த்தால் ஏசிக்கு மேலே
விரித்த கையளவு, சுவரோடு சுவராய்த் தட்டையாக ஒன்று.
வலை கட்டாது. கரப்பான் பிடித்துப் பிழைக்கும்.
துடைப்பத்தில் ஏற்றி வெளியே விட்டுவிட்டு
'ஒழிக்கப்பட்டது' என்று கையெழுத்துப் போட்டேன்.

ஜெனரேட்டர் காவலாளி சொன்னதும் அதே பெயர்தான்.
அவன் டார்ச் அடித்துக் காட்டியது
மணலுக்குள் பட்டுக்குழாய் நெய்து
மணலாலேயே மூடி போட்டுக் குடியிருந்தது.
கதவைத் தட்ட மனசு வரவில்லை.

மெஸ் விளக்கடியில் இரவெல்லாம் ஓடுகிறதே,
அதற்குப் பத்துக் கால் போலிருக்கும்.
முன்னால் இருப்பவை கால் அல்ல.
அது சிலந்தியே அல்ல, ஷபத், என்கிறார்
தண்ணீர் லாரிக்கார ஒமானி.
ஒட்டகத்தோடு என்ன உறவென்று
ஒட்டகத்தைத்தான் கேட்க வேண்டும்.

வியாழன் இரவு ஆரோக்கியசாமியைக் கடித்தது.
குல்சமான் வண்டியை விரட்டினான், ஹைமா வரைக்கும்.
என் மடியில் ஜாம் பாட்டில்,
உள்ளே அது கண்ணாடியைச் சுரண்டிக்கொண்டே வந்தது.

'எது கடித்தது?' என்றாள் நர்ஸ் மேரிசெல்.
பாட்டிலைத் தூக்கிக் காட்டினேன்.
'இதற்கு விஷமில்லை. பல்தான் முரடு.'
பிறகு கம்ப்யூட்டரைப் பார்த்து,
'எந்த ஆரோக்கியசாமி?'
திரையில் மூன்று பேர்.
ஒருவர் போன ரமலானில் இறந்தவர்,
கோப்பை இன்னும் யாரும் மூடவில்லை.

அதற்குள் கேம்ப் ஆபீஸ் ஊருக்குப் போன் போட்டிருக்கிறது.
போட்டது வேறு வீட்டுக்கு.
காளையார்கோவில் பக்கம் ஒரு பெண்
முன்பின் பார்த்திராத இவன் காலுக்காக
அழுதுகொண்டிருந்தாள்.

கட்டுப் போட்ட காலை நீட்டிப் படுத்தபடி
ஆரோக்கியசாமியே என் போனை வாங்கிப் பேசினான்:
'அக்கா, நான் அவர் இல்ல.
நான் கம்பி கட்டுறவன்.
உங்க வீட்டுக்காரர் கிரேன்ல நல்லா இருக்கார்.
இல்லக்கா, சத்தியமா.
சாப்பிட்டீங்களா?'

அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ,
வெகுநேரம் 'ம்' கொட்டிக்கொண்டிருந்தான்.
பாட்டில் ஜன்னலோரம் இருந்தது.
மூடியில் ஆணியால் மூன்று ஓட்டை போட்டிருந்தேன்,
மூச்சுக்கு.