பத்துக்கும் நான்குக்கும் நடுவே

பத்து மணிக்கு ஒரு குடும்பம் போகும்.
நான்கு மணிக்கு இன்னொன்று வரும்.
சனிக்கிழமைகளில் இடைப்பட்ட ஆறு மணி நேரம்
அந்த வீடு எங்களுடையது.

முன்பு அது பன்றிக் கொட்டில்.
விளம்பரத்தில் கடலோரக் குடில்.
பொய்யில்லை.
குளியல் தொட்டியின் விளிம்பில் ஏறி
ஜன்னல் கொக்கியைப் பிடித்துக்கொண்டு நின்றால்
தெரியத்தான் செய்கிறது கார்டிகன் விரிகுடா,
தேய்ந்த சோப்பு அளவுக்கு.

சமையல் அவரவர் பாடு என்பது ஒப்பந்தம்.
யாருக்கும் கை அளவு தெரிவதில்லை.
ஏழு நாளைக்கு ஒரு லிட்டர் ஆலிவ் எண்ணெய்,
நூறு தேநீர்ப் பைகள்,
பெயர் வாயில் நுழையாத கடுகு விழுது.
கொட்டகை வாசலில் ஜாம் டப்பாவில் காசு போட்டு
எங்கள் கோழி இட்ட முட்டையை வாங்கி
மூன்றை எங்களுக்கே வைத்துவிட்டுப் போகிறார்கள்.
சனி இரவு நான் தனியாக எதுவும் சமைப்பதில்லை.
பர்மிங்ஹாம்காரர்களின் பாதி வெள்ளரிக்காய்,
லீட்ஸிலிருந்து வந்த காதலர்கள்
சண்டை போட்டுக்கொண்டு தொடாமல் விட்ட சால்மன்:
ஹெஃபினுக்கும் எனக்கும் விருந்து.

ஏப்ரலில் வால்சாலிலிருந்து டில்டா வந்தாள்.
எட்டு வயது, முன்பல் இரண்டு இல்லை.
மூன்று ஈன்ற ஆடு ஒன்றை முட்டித் தள்ளியிருந்தது.
அதற்குப் பாட்டில் பிடித்தது அவள்தான்,
காலை ஆறு மணிக்கு, பைஜாமாமேல் ரப்பர் பூட்ஸ்.
இங்கே குட்டிக்குப் பெயர் கிடையாது,
எண் மட்டும்தான் என்றார் ஹெஃபின்.
காதில் மஞ்சள் வில்லை தொங்குவதைப் பார்த்து
மேயர் என்றாள் அவள்.
நானூற்றுப் பதினேழு என்றார் இவர்.
சரி, இரண்டும் என்றாள்.

செப்டம்பரில் வண்டி வந்து போனது.

அக்டோபர் விடுமுறைக்கு மறுபடி அவர்கள்.
பெட்டியை இறக்குவதற்குள் அவள் வயலில்.
அவளுடைய அம்மா புருவத்தால் என்னைக் கேட்டாள்.
நான் ஒரு பொய் தயாராக வைத்திருந்தேன்.
மலைக்கு அந்தப் பக்கம், புல் அடர்ந்த பண்ணை,
அங்கே அவனுக்கு நண்பர்கள்.
கெட்டிலிடம் இரண்டு முறை சொல்லிப் பார்த்தேன்.
கெட்டில் நம்பவில்லை.

தூறலில், கையில் ரொட்டித் துண்டோடு
ஒவ்வொரு காதாக வாசித்துக்கொண்டு போனாள் அவள்.
முப்பத்தொரு ஆடுகள்.
நான் ஒரே தட்டைக் கழுவிக்கொண்டே இருந்தேன்.

வேலியோரம் நின்றுவிட்டாள்.
நானூற்றுப் பதினேழு.

வண்டி வந்த அன்று ஹெஃபின் சொல்லியிருந்தார்:
ஒன்று நொண்டுகிறது, விலை போகாது,
நிற்கட்டும்.
எந்தக் கால் என்று நான் கேட்கவில்லை.
இப்போது அவர் கொட்டகைக்குப் பின்னால்
உடையாத கீல் ஒன்றைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தார்.

மேயருக்கு அவளை அடையாளம் தெரியவில்லை.
ரொட்டியைத் தின்றான், பூட்ஸை மிதித்தான்,
மற்றவற்றோடு போய்ச் சேர்ந்துகொண்டான்.
"மிதிச்சிட்டான்! என்னை மிதிச்சிட்டான்!"
வயல் முழுக்கக் கேட்டது.

சனிக்கிழமை. மூன்றரை மணி.
படுக்கை விரித்தாயிற்று, தொட்டி தேய்த்தாயிற்று.
மேசைமேல் ரப்பர் பேண்டு போட்ட
பாதி ஓட்ஸ் பிஸ்கட் பாக்கெட்.
கூடவே ஒரு சீட்டு:
417க்கு மட்டும்.

வெளியே மழை வலுத்துவிட்டது.
வயல் தூரம், தேநீர் சூடாக இருந்தது.
ஆட்டுக்கு இனிப்பு ஆகாது என்று சொல்லி
முதல் பிஸ்கட்டை முக்கினார் ஹெஃபின்.
ஐந்துதான் இருந்தன.
மூன்று அவருக்கு.

நான்கடிக்க இன்னும் பத்து நிமிடம்.
பாதையில் ஹெட்லைட் வெளிச்சம்.
யாரோ கேட்டைத் திறந்துவிட்டு
மூடாமல் வருகிறார்கள்.