ஒற்று

உள்ளங்கையளவு கறுப்புப் பெட்டி.
வயரைக் கொழுவினால் நீல வெளிச்சம் இமைக்கிறது,
உள்ளே தட்டுச் சுழலும் சத்தம்கூடக் கேட்கிறது.
பிறகு ஒவ்வொரு முறையும் அதே வரி:
கடவுச்சொல் பிழை.

மல்லாவிச் சந்தியில் என் கடை.
போட்டோக்கொப்பி, பாஸ்போட் சைஸ் படம், ரீலோட்.
மீளக் குடியேறி வந்த வருசம்
தறப்பாளுக்குக் கீழே மேசை போட்டு
முந்நூற்றுப் பதினெட்டுக் காணி அனுமதிப்பத்திரங்களைப்
படம் பிடித்தேன். காசு வாங்கவில்லை.
இடுப்பில் முடிந்து கொண்டுவந்ததில்
மடிப்புக்கு மடிப்பு ஓட்டை விழுந்தவை,
பொலித்தீனோடு ஒட்டிப்போய்
உரித்தால் எழுத்தும் கூடவே வருபவை,
கறையான் கையெழுத்தை மட்டும் விட்டுவைத்த ஒன்று.
பெயரே அழிந்து முத்திரை மிஞ்சியதையும் எடுத்தேன்,
முத்திரையாவது இருக்கட்டும் என்று.

பிறகொரு பின்னேரம்
மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர்.
மரியாதையாகத்தான் கேட்டார்கள்:
என்ன படம், ஆருக்கு அனுப்புறீர்?
ஆளுக்கொரு நெக்டோ குடித்துவிட்டு
காசும் வைத்துவிட்டுப் போனார்கள்.
அந்தக் காசுதான் என்னைப் பயப்படுத்தியது.

அன்றிரவே பூட்டினேன்.
விடிய விடிய வீதம் ஏறியது.
நூறு என்று காட்டும்போது
வவுனியாவுக்கு முதல் பஸ் போனது.
கடதாசியில் எழுதவில்லை,
கடதாசியைத்தானே தேடுவார்கள்.
சொந்தக் காணியின் நான்கெல்லையையும் சொல்லாக்கினேன்.
வடக்கு, பாதை. தெற்கு, பாலை.
கிழக்கு, பற்றை. மேற்கு, குளக்கட்டு.

மறக்கவில்லை.
நித்திரையில் தட்டிக் கேட்டாலும் சொல்வேன்.
ஆனால்
வடக்குப் பாதையா, வடக்கு பாதையா?
நாலு திசையிலும் ஒற்று மிகுந்ததா,
மேற்கில் மட்டும் கை சோர்ந்து விட்டுவிட்டேனா?
பாமினியில் அடித்தது.
மெய்யின் புள்ளி அரைப்புள்ளி விசையில் இருக்கும்.
திரையிலோ எல்லா எழுத்தும் ஒரே கறுப்புப் பொட்டு.
பத்மலோசனி ரீச்சர்
சந்திப் பிழைக்கு அரைப்புள்ளிதான் வெட்டுவா.

ஒற்றருக்குப் பயந்து பூட்டியது.
ஒற்று இப்போது என்னை வெளியே நிறுத்தியிருக்கிறது.

வவுனியாவில் பெடியன் கழற்றிப் பார்த்துவிட்டு
கொழும்புக்கு அனுப்பினாலும் இதுதான் அக்கா என்றான்.
நல்ல பூட்டு என்றான், பாராட்டுவது போல.
சீஆர் கொப்பியில் ஒவ்வொன்றாய் எழுதி வெட்டுகிறேன்.
நூற்று நாற்பத்தேழு.

பிரதேச செயலகத்தில் இப்போது பிரதி கேட்கிறார்கள்,
மாதக் கடைசிக்குள்.
முதலில் வந்தது தெய்வநாயகி அக்கா.
அவவின் மூலப்பத்திரம் போன மழையில் கரைந்துவிட்டது.
ஒரு நாள் கரண்ட் இல்லை என்றேன்.
மற்ற நாள் மெசின் பழுது.
மூன்றாம் நாள் உண்மையைச் சொன்னேன்.

ஏசவில்லை. பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தா.
"அப்ப அவங்களாலயும் திறக்கேலாது, என்ன?"
"ஏலாது."
"அது நல்லம்."
சிரித்தாவா, தெரியவில்லை.
பிறகு வாங்கில் நல்லாய் இருந்துகொண்டு,
"எழுதும் பிள்ளை, வாயால சொல்லுறன்.
அதையெண்டாலும் கொண்டுபோய்க் குடுத்துப் பாப்பம்.
வடக்கால ரோட்டு.
தெற்கால கனகுவின்ர வளவு.
கிழக்கால வாய்க்கால். இப்ப தூர்ந்து போச்சு,
எண்டாலும் வாய்க்கால் எண்டே போடும்."

எழுதின கை நின்றுவிட்டது.
வடக்கால.
என் வாயால் நான் ஒருநாளும்
வடக்கு என்று சொன்னதில்லை.

கொப்பியில் புதுப் பக்கம் பிரிக்கிறேன்.
"மேற்கால," என்கிறா தெய்வநாயகி அக்கா,
"பிள்ளை, கேக்குதே? மேற்கால..."