எரிகிறதா?

ஹோஹென்லிம்பூர்க். லென்னே ஆற்றங்கரை.
இரும்பை அடித்து வளைக்கும் ஆலையின் இரண்டாம் உலை.
நவம்பர், இரவு இரண்டேகால்.
புகைபோக்கியின் பாதி உயரத்தில் நின்று
காது இன்னும் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தபடி
ஒன்றரை மீட்டர் குழாயைச் செருகி
உலையின் மூச்சைக் குடித்துக்கொண்டிருந்தேன்.
குடித்தது நானல்ல, பெட்டி.
பெட்டி சொன்னது: நானூற்றுப் பன்னிரண்டு.
ஒரு கன மீட்டருக்கு இத்தனை மில்லிகிராம்.
சட்டத்தின் கோடு அதற்கு வெகு கீழே.

எரிவாயுவின் குற்றமில்லை இது.
காற்றின் ஐந்தில் நாலு பங்கு
ஒன்றுக்கும் உதவாமல், யாரோடும் பேசாமல்
மூன்று முடிச்சுப் போட்டுக்கொண்ட ஜோடிகள்.
கூட்டமாய் உள்ளே வந்து
குளிர் காய்ந்துவிட்டு வெளியே போகும்.
சாதாரணச் சூட்டுக்கு அசையாத முடிச்சு,
சுடரின் வெள்ளை நாக்கில்
ஆயிரத்தைந்நூறைத் தாண்டினால் அவிழ்கிறது.
அவிழ்ந்தது ஆக்சிஜனோடு போய்விடுகிறது.
அப்புறம் நடப்பதெல்லாம்
பள்ளத்தாக்கு நுரையீரல்களின் கதை.

ஆகவே நாக்கை வெட்டச் சொன்னார்கள்.

புது பர்னர் காற்றை வீசும் வேகத்தில்
உலை தான் விட்ட மூச்சையே திரும்ப இழுத்து
தீயோடு பிசைகிறது.
சூடு ஓரிடத்தில் குவியாமல்
சோற்றில் ரசம் இறங்குவது போல எங்கும் இறங்க
சுடர் கரைந்துபோகிறது.
உள்ளே ஆயிரத்து இருநூறு டிகிரி.
கண்ணுக்கு ஒன்றுமில்லை.

"அணைஞ்சு போச்சு!"
வாக்கி டாக்கியில் நெர்மின்.
பதினோரு வருடமாய் அந்த உலைக்குக் காவல்.
பார்வைத் துளையில் நீலக்கண்ணாடி வைத்துப் பார்த்திருக்கிறாள்:
செங்கல் சிவந்து கிடக்கிறது, சுடரைக் காணோம்.
வாயு மட்டும் கொட்டுகிறதென்றால்
அடுத்தது என்னவென்று
அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.
சிவப்புப் பொத்தானை அடித்துவிட்டாள்.

நாலு மணி நேரம் போயிற்று.
அறுபது டன் இரும்பு உள்ளேயே கிடந்து செதில் பிடித்தது.
பொறியாளர் ராட்கே கத்தவில்லை,
கத்தியிருந்தால் தேவலை.
எண்ணூற்றைம்பதுக்கு மேல் வாயு தானே பற்றும்,
சுடரைத் தேடாதே, வெப்பமானியைப் பார் என்று
தாளில் படம் வரைந்தார்.
"வெப்பமானி பொய் சொன்னால்?"
அவர் பேனா நின்றது.
அடுத்த வாரம் உலைச் சுவரில்
இரண்டாவது வெப்பமானி முளைத்தது.
அப்புறம் மூன்றாவது.

நெருப்பில்லாமல் புகையாது, சரி.
புகையாத நெருப்புக்கு இன்னும் பழமொழி இல்லை.

டிசம்பரில் மறுபடி ஏறினேன். படிகளில் பனி.
பெட்டி சொன்னது: தொண்ணூற்றொன்று.
நம்பவில்லை. குழாயை உருவி,
சிலிண்டர் வாயுவை விட்டுச் சரிபார்த்து,
திரும்பச் செருகினேன்.
எண்பத்தொன்பது.
கீழே யார் வீட்டிலோ சமையலறை விளக்கு எரிந்தது.
யாரோ ஜன்னலைத் திறந்தார்கள்,
இந்தக் குளிரில், எதற்கோ.
வந்து சேராத ஒன்றைப் பற்றி
அவர்களிடம் என்னவென்று சொல்வது?

இறங்கி வந்து நெர்மினிடம் எண்ணைக் காட்டினேன்.
"ம்" என்றாள்.
திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.
பார்க்க ஒன்றுமில்லாத அந்தத் துளையின் கண்ணாடியை
சட்டைக் கையால்
துடைத்துக்கொண்டிருந்தாள்.