தொண்ணூறு, நூற்றுப் பதினைந்து

ஒரே வார்ப்பு. ஒரே நான்கு சிலிண்டர்.
பானெட்டைத் திறந்து இரண்டையும் பக்கத்தில் நிறுத்தினால்
எது என்னுடையது என்று எனக்கே
பேட்டரி மேல் ஒட்டிய
எலுமிச்சம்பழ ஸ்டிக்கரை வைத்துத்தான் தெரியும்.
திம்மராஜ் வண்டி நூற்றுப் பதினைந்து குதிரை.
என்னுடையது தொண்ணூறு.
நடுவில் எண்பதாயிரம் ரூபாய்,
அன்றைக்கு நான் புரட்ட முடியாத எண்பதாயிரம்.
"தர்மபுரிக்குள்ள ஓட்ட இதுவே அதிகம் மேடம்"
என்று சாவியோடு ஒரு பூங்கொத்தும் கொடுத்தார்கள்.
தர்மபுரிக்குள் மட்டும் ஓட்டினால்
தவணை கட்ட முடியாது என்று
நான் சொல்லவில்லை.

வைகாசி முகூர்த்தம். சேலத்திலிருந்து கிருஷ்ணகிரிக்கு
வண்டிக்கு ஐந்து பேராகப் பெண்வீட்டார்,
டிக்கியில் சீர்ப் பாத்திரம், ஏசி முழுக்க.
தொப்பூர் ஏற்றத்தில்
ஆயிரத்து எண்ணூறு சுற்று வரைக்கும்
இரண்டுக்கும் ஒரே மூச்சு.
அப்புறம் டர்போ விழிக்கிற அந்த இடம்.
அவன் வண்டி முதுகை நிமிர்த்திக்கொண்டு
கிரானைட் லாரியைத் தாண்டிப் போகிறது.
என் வண்டியும் எழுகிறது,
பாதி எழுந்ததும்
உள்ளே யாரோ உள்ளங்கையைக் காட்டி
போதும், உட்கார் என்கிறார்கள்.
மிதி இன்னும் ஓர் அங்குலம் இறங்குகிறது.
அந்த அங்குலத்தில் ஒன்றுமே இல்லை.
"என்னம்மா, வண்டி வீக்கா?" என்றார் பின்சீட்டு மாமா.
லாரியின் புகையைப் பார்த்தபடி
"லோடு" என்றேன்.

கட்டமேட்டில் அவன் டீ வாங்கி வைத்திருந்தான்.
நாற்பத்தொரு விநாடி என்றான், போனைக் காட்டி.
டீயில் ஆடைகூடக் கட்டியிருக்கவில்லை.

ராயக்கோட்டை ரோட்டில் இம்ரோஸ் கடை.
லேப்டாப் வயரை ஸ்டியரிங்குக்குக் கீழே சொருகி
என் எஞ்சினைக் கட்டம் கட்டமாகக் காட்டினான்.
"இந்தக் கோடு தெரியுதாக்கா?
உங்களுக்கு அழுத்தம் இங்கேயே முடியுது.
அவருக்கு அதோ, அங்க.
பன்னெண்டாயிரம் கொடுங்க. இருபது நிமிஷம்."
போச்சம்பள்ளி சந்தையில் ஒரு கிடா வாங்கும் காசு.
அதற்கு இருபத்தைந்து குதிரை.

இரும்புக்குக் காசு கட்டியாயிற்று.
கட்டாதது அனுமதிக்கு மட்டும்தானா?
கேட்டேன். இம்ரோஸுக்குப் பொய் வராது.
கிளட்ச் தட்டு உங்களுக்குக் கொஞ்சம் சின்னது என்றான்.
இன்டர்கூலர் ரெண்டு விரல் மெலிசு.
ஆனா தாங்கும்.
எத்தனை நாளைக்கு?
மேலே ஃபேனைப் பார்த்தான்.
"ஓட்டுறதைப் பொறுத்துக்கா."

ஆக ஒரே வார்ப்பு என்று நான் சொன்னது
பானெட்டுக்கு மேலே நின்று சொன்னது.
எங்கோ ஓர் அறையில் ஒருவர்
இது இவ்வளவுதான் என்று முதலில் எழுதிவிட்டு
எழுதியதற்கு ஏற்றபடி
மற்றதையெல்லாம் ஒவ்வொன்றாக மெலியவைத்திருக்கிறார்.
இனி கோட்டை மட்டும் அழித்தால்
மெலிந்ததெல்லாம் என்ன செய்யும்?

மறுநாள் சேலத்துக்கு, காலி வண்டி, இறக்கம்.
இரட்டைப் பாலத்துக்கு முன்னால்
ஒரு சிமென்ட் டேங்கர் பிரேக் கருகும் வாசனையோடு
ஓரம் தேடிக்கொண்டிருந்தது.
மூன்றாம் கியர். மிதியிலிருந்து காலை எடுத்தேன்.
பின்னால் அவனும் எடுத்திருக்க வேண்டும்:
இரண்டு எஞ்சினும் ஒரே குரலில் உறுமி
மலையை ஒரே பிடியாகப் பிடித்துக்கொண்டன.
கீழே தொப்பூர் வரை நூற்றுப் பதினைந்து
என் கண்ணாடிக்குள்ளேயே வந்தது.
இறக்கத்தில் யாரும் குதிரையை எண்ணுவதில்லை.
இதை மாமாவிடம் சொல்ல வேண்டும்போல் இருந்தது,
மாமா கல்யாண வீட்டில் இருந்தார்.

இம்ரோஸுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை.
வாரண்டி இன்னும் பதினாலு மாதம்.
தவணை இருபத்தொன்பது.
மிச்சம் விழும் அந்தப் பதினைந்து மாதம்
யார் கணக்கு என்று
ஏற்றம் வரும்போதெல்லாம்
வலது கால் கேட்கிறது.