கால் சுற்று

கழுத்து கோணல் என்றார் லோகேந்திரன்.
கிட்டாரின் கழுத்து.
பாயான் லெப்பாஸில் சில்லு செய்யும் ஆலையில்
அளவு சரிபார்க்கிறவர்.
பையிலிருந்து எஃகு ஸ்கேலை உருவி
கம்பிகளுக்கு நடுவே, மெட்டுகளின்மேல்
விளிம்பு குத்தி நிறுத்தினார்.
ஸ்கேலுக்கு அடியில், ஏழாவது மெட்டருகே,
ஜெலுத்தோங் வெயில் ஒரு மயிரிழை நுழைந்தது.
"பாருங்கக்கா."

கால் மில்லிமீட்டர் என்றேன். அவ்வளவு வேண்டும்.
"எங்க ஆலையில அது மலைக்கா.
பினாங்கு மலை. ரயிலே விடலாம்."

கீழே டயர் கடையில் காற்றடித்துக்கொண்டிருந்தார்கள்.
பாதியில் நிற்கும் ஒரு கழுத்தை எடுத்துக் காட்டினேன்.
மகோகனி. வாங்கிய கையோடு செதுக்கவில்லை.
இரண்டு வருடம் படிக்கட்டுக்கு அடியில் கிடந்து
இந்தத் தீவின் ஈரத்தைக் குடித்துக் கக்கி, குடித்துக் கக்கி,
போதும் என்று அது சொன்ன பிறகுதான் உளி வைத்தேன்.
முதுகுத்தண்டு ஓட வேண்டிய இடத்தில் ஒரு வாய்க்கால்.
அதற்குள் இரும்புக் கம்பி.
மேலே ஈட்டிமரப் பலகையை ஒட்டிவிட்டால்
பிறகு யாரும் அதைப் பார்க்கப்போவதில்லை,
தலைப்பக்கம் ஓர் அறுகோணப் பள்ளம் தவிர.

ஆறு தந்தியும் முறுக்கினால்
மூன்று அரிசி மூட்டை இழுப்பு, ராப்பகலாக.
தந்தி முன்னே இழுக்கும், இரும்பு பின்னே இழுக்கும்.
"பத்துக் கிலோ மூட்டையா, இருபத்தஞ்சா?"
இருபத்தஞ்சு.
குறித்துக்கொண்டார்.
"சரி, நேராக்குங்க. வெளிச்சம் தெரியக் கூடாது."

காசு அவருடையது.
மூடியைக் கழற்றி ஆலன் சாவியை நுழைத்தேன்.
வலப்பக்கம் கால் சுற்று.
மரத்துக்குள் ஒரு முனகல்.
சுருதி சேர்த்தேன். காத்திருந்தேன்.
தே ஓ ஐஸ் இரண்டு வந்தது.
இன்னும் அரைக்கால் சுற்று.
ஸ்கேல் வைத்தார். கும்மிருட்டு.
அவர் முகத்தில் சம்பள நாள்.

வாசிங்க, என்றேன்.
ஜி பிடித்தார்.
தகரக் கூரையில் வண்டு மாட்டிக்கொண்ட சத்தம்.
சி. வண்டு.
டி. இரண்டு வண்டு.

கயிறு சுழற்றிக் குதிப்பார்களே, பார்த்திருப்பீர்கள்.
முனையைப் பிடித்தவள் கை அசைவதே தெரியாது.
நடுவில் குதிப்பவளுக்குத்தான் இடம் வேண்டும்.
தந்தியும் நடுவில்தான் பெரிதாக ஆடும்.
அதற்காக விட்ட பள்ளம், நீங்கள் மூடச் சொன்னது.

அவர் பேசவில்லை. ஸ்கேலைச் சட்டையில் துடைத்தார்.
பிறகு கை நீட்டினார், சாவிக்கு.
நான் யாரிடமும் கொடுப்பதில்லை.
ஒருமுறை சுங்க அதிகாரி ஒருவர்
ஒரே மூச்சில் முழுச் சுற்று திருகி
இரும்பை உள்ளேயே முறித்தார்.
கொடுத்தேன்.

இடப்பக்கம்.
மணிமுள் நகர்வதுபோல் திருகினார்,
நகர்ந்ததா என்று எனக்கே தெரியவில்லை.
வாசித்தார். ஒரு வண்டு.
திருகினார். வாசித்தார்.
வெளியே மழை பிடித்துக்கொண்டது,
டயர்க்காரர்கள் ஷட்டரைப் பாதி இறக்கினார்கள்,
எந்த இடத்தில் என்று சொல்லத் தெரியவில்லை,
ஜி வெறும் ஜியாக இருந்தது.

இந்த முறை அவர் அளக்கவில்லை.
"எத்தனை நாள் நிக்கும்?"
ஈரம் காய்கிறவரை. ஜனவரி வெயிலில் வாருங்கள்.
"உத்தரவாதம்?"
நாற்பது வெள்ளி என்றேன்.
முப்பத்தைந்து வைத்தார்.

ஸ்கேலை மறந்துவிட்டுப் போயிருந்தார்.
கடை சாத்துமுன் மேசைமேல் நிறுத்திப் பார்த்தேன்: வெளிச்சம்.
கதவுச் சட்டம்: வெளிச்சம்.
சாமி படச் சட்டம், படியின் விளிம்பு, என் முன்கை,
பன்னிரண்டு வருடமாக நேர் என்று நம்பி
கிட்டார்களை மாட்டி வைத்திருக்கும் சுவர்,
எல்லாவற்றிலும் நுழைந்துகொண்டே இருந்தது.

பிஸ்கட் டின் மூடி மட்டும் இருட்டு.
விரலால் சுண்டிப் பார்த்தேன்.
டொக்.