கால் சுற்று

ஹெரால்டுக்கு பானெட் மட்டும் தனியாகத் திறக்காது.
முகம் முழுவதும் முன்னால் சாயும்,
மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்ந்து.
அப்புறம் முன்சக்கரத்தின் மேல் உட்கார்ந்துகொண்டு
எஞ்சினோடு நேருக்கு நேர் பேசலாம்.

பேசிக்கொண்டிருந்தேன்.
மஞ்சக்குப்பம். ஆனி மாத ஞாயிறு, பத்தரை மணி.
முந்தின நாள் கெடிலம் பாலத்தில்
மினிபஸ்ஸுக்குப் பின்னால் நான் காலை எடுத்தும்
அது கத்திக்கொண்டே இருந்தது.
பாலமே திரும்பிப் பார்த்தது:
பழைய வண்டி, அதில் ஒரு பொம்பளை,
அதற்கு மேல் அலறல்.

கோளாறு பெரிதில்லை.
பெடலுக்கும் கார்புரேட்டருக்கும் நடுவே
ஒரு கம்பி, ஒரு முழங்கை, இன்னொரு கம்பி.
முனைகளில் பட்டாணி அளவுக் குண்டுகள்,
குண்டைக் கவ்வும் கிண்ணங்கள்.
கிண்ணங்களை உப்புக்காற்று தின்றிருந்தது.
புதுசு போட்டேன்.
போட்டதும் பழைய அளவெல்லாம் பொய்யாகிவிட்டது.
கம்பி ஒரு நூல் நீண்டால் த்ராட்டில் மூடாது,
ஒரு நூல் குறைந்தால் முழுக்கத் திறக்காது.

உள்ளே ஒருவர் மிதிக்க வேண்டும்,
இங்கே ஒருவர் பார்க்க வேண்டும்.
செங்கல்லை வைத்துப் பார்த்தேன்.
செங்கல்லுக்கு மிதிக்கத் தெரியும்,
விடத் தெரியாது.

சுவருக்கு அந்தப் பக்கம் வில்வநாதன்
சங்கரா மீன் உரசிக்கொண்டிருந்தார்.
ஐப்பசியிலிருந்து பேச்சில்லை.
அவர் வாசலை முக்கால் அடி உயர்த்தினார்,
அவர் வாய்க்கால் என் ஷெட்டுக்குள் வந்தது,
நான் மனு எழுதினேன்,
என் மனுவின் மேல் அவர் ஒரு மனு எழுதினார்.
இரண்டுக்கும் ஒரே கையெழுத்தில் ரசீது.

‘சார், ஒரு கால் வேணும்’ என்றேன்,
சர்க்கரை கேட்பதுபோல.
அவர் குனிந்து தன் காலைப் பார்த்தார்.
செதில் ஒட்டியிருந்தது.
கழுவிக்கொண்டு வந்தார்,
கேட் வழியாக இல்லை,
சுவர் சரிந்த இடத்தைத் தாண்டி.

மிதிங்க.
விடுங்க.
மிதிங்க.
அப்படியே இருங்க.
விடுங்க.

பெரியாஸ்பத்திரி எக்ஸ்ரே அறையில்
நாள் முழுக்க இதைத்தான் சொல்கிறேன்,
மூச்சை இழுங்க, நிறுத்துங்க, விடுங்க.
அங்கே யாரும் என்மேல் மனுப் போட்டதில்லை.

லாக்நட்டைத் தளர்த்தி அரைச் சுற்று.
முக்கால்வாசிதான் திறந்தது.
மறுபடி அரைச் சுற்று.
இப்போது திறந்தது, மூட வரவில்லை,
நிறுத்தத் திருகை எட்டாமல்
நெம்புகோல் அந்தரத்தில் நின்றது.
இடைவெளியை விரலால் தடவிப் பார்த்து
‘இதுல கால்’ என்றேன் எனக்கு நானே.

நான் சொன்னது சுற்று.
அவருக்குக் கேட்டது பாதம்.
மிதித்துவிட்டார்.

ஸ்பிரிங்குக்கும் நெம்புகோலுக்கும் நடுவில் விரல்.
நான் கத்தவில்லை. கத்த நேரமில்லை.
‘விடுங்க’ என்று வாய் வருவதற்குள்
விட்டிருந்தார்.
எப்படித் தெரிந்ததோ.
பெடல் வழியாகத் தெரிந்திருக்கும்,
அதற்குத்தானே இத்தனை கம்பி.

நகம் கருக்கத் தொடங்கியது.
அவர் இறங்கி வரவுமில்லை,
மன்னிப்பு என்கிற மாதிரி எதுவும் சொல்லவுமில்லை.
ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்,
ஓட்டுகிறவர்போல.
கால் சுற்றைக் கழித்து, குண்டைக் கிண்ணத்தில் அழுத்தினேன்.
ட்டக்.
சாவியைத் திருப்பச் சொன்னேன்.

இருமியது, பிடித்தது, தணிந்தது.
பழந்தமிழில் காற்றுக்கும் கால் என்றுதான் பேர்.
அன்றைக்கு அது தெற்கிலிருந்து,
சிப்காட் நாற்றத்தோடு வந்தது.
அதையும் உறிஞ்சிக்கொண்டு
வண்டி ஒரே சீராக ஓடியது.

கடைசியாகப் பெடலில் ஒரு மயிரிழை தளர்வு விட வேண்டும்.
இறுக்கமாகக் கட்டினால்
எஞ்சின் அசைகிற ஒவ்வொரு அசைவும்
மிதியாகிவிடும்.

‘தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு?’
கண்ணாடி வழியாகக் கேட்டது குரல்.
ஷெட் சுவரில் கறை இருந்தது.
ஸ்பானரால் காட்டினேன்.
‘அரை அடி.’

எட்டிப் பார்த்தார். நேரம் எடுத்துப் பார்த்தார்.
‘கால்’ என்றார்.

லாக்நட்டை இறுக்கினேன்.
மிதிங்க, என்றேன்.